பல்லாவரத்துக் கல்லும் திருக்கழுக்குன்றத்துப் பொங்கலும்

1863ஆம் ஆண்டு மே 30. பல்லாவரத்தில் சரளை அள்ளிய ஒரு குழிக்குள் கிடந்த கல்லை ராபர்ட் புரூஸ் ஃபுட் குனிந்து எடுத்தார். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த 28 வயது இளைஞர் அவர். வழிப்போக்கர் கண்ணுக்கு அது சாதாரணக் கல். அவர் கண்ணுக்கு, யாரோ ஒருவர் தன் கைக்கு வாகாகச் செதுக்கிக்கொண்ட கருவி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் சாட்சி இப்படித்தான் கிடைத்தது. பல்லாவரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. இடையில் எல்லைகள் எத்தனையோ முறை மாறி, 2019 நவம்பரில் பிறந்த புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளும் அது மறுபடி வந்து சேர்ந்துவிட்டது.

அதே 1863இல் லண்டனில் வில்லியம் பேண்டிங் ஒரு சின்னப் பிரசுரம் வெளியிட்டார். பெரிய மனிதர்களின் சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில். குனிந்து காலணியைக் கட்ட முடியாது, படிக்கட்டில் பின்பக்கமாகத்தான் இறங்க முடியும் என்ற அளவுக்குப் பருத்திருந்த அவர், காது மந்தமாகிறதென்று வில்லியம் ஹார்வி என்ற மருத்துவரிடம் போனார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விடு என்றார் ஹார்வி. விட்டார், இளைத்தார், எழுதினார். பிரசுரம் எவ்வளவு பரவியது என்றால், ஆங்கிலத்தில் உணவைக் குறைத்து இளைப்பதற்கே 'பேண்டிங்' என்று பெயர் வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: பேண்டிங் விட்ட பட்டியலில் வெண்ணெயும் இருந்தது. மாவுச்சத்தைக் குறை, கொழுப்பைத் தாராளமாகச் சேர் என்பது பின்னால் வந்தவர்கள் கூட்டிய விதி. 1972இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல்தான் அதை வீடு வீடாகக் கொண்டு போனது.

பல்லாவரத்துக் கல்லும் பேண்டிங்கின் பிரசுரமும் ஒன்றையொன்று அறியாமல் ஒன்றரை நூற்றாண்டு கிடந்தன. பிறகு ஒரு நாள், செங்கல்பட்டிலிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில், யாரோ ஒருவருடைய டிபன் டப்பாவுக்குள் சந்தித்துக்கொண்டன. 2010களின் நடுவில் நியாண்டர் செல்வனின் எழுத்துகளும், கிழக்கு பதிப்பகம் வெளியிட்ட அவருடைய 'பேலியோ டயட்' (பழைய கற்கால உணவு) நூலும் தமிழ் வீடுகளில் செய்த மாற்றம் சின்னதல்ல. காலையில் பட்டர் டீ, ஊற வைத்து வறுத்த 100 பாதாம், நாலு முட்டை, சைவக்காரர்களுக்குப் பனீர், காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வேக வைத்துச் 'சோறு'. எண்ணெய் என்றால் பயந்தவர்கள் வெண்ணெய் வாங்க வரிசையில் நின்றார்கள். சர்க்கரை நோயும் தொப்பையும் குறைந்த கதைகள் ஏராளம், பல உண்மையானவை.

இது ஓர் உணவு முறைதான். ஆனால் அது பேசும் சொற்களைக் கவனித்தால் வேறொரு வாசனை அடிக்கும். கட்டுப்பாடு, விரதம், தடை செய்யப்பட்டவை, அனுமதிக்கப்பட்டவை. தவறிப் போய் ஓர் இட்லி தின்றால் அதற்குப் பெயர் 'சீட்டிங்'. யாரை ஏமாற்றினோம்? இட்லியையா, உடலையா? பாவம் என்ற சொல்லைக் கைவிட்ட தலைமுறைக்கும் பாவம் செய்த உணர்வு மட்டும் மிச்சமிருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில்கூடக் கொழுப்பு 'நல்ல' கொழுப்பாகவும் 'கெட்ட' கொழுப்பாகவும்தான் வருகிறது.

எல்லாச் சமயத்துக்கும் ஒரு முதல் நூல் வேண்டும். இங்கே அது ஆதி மனிதன். வேளாண்மை வந்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது. அதற்கு முன் பல லட்சம் ஆண்டுகள் மனிதன் வேட்டையாடியும் பொறுக்கியும் உண்டான். நம் உடல் அந்த உணவுக்கே வார்க்கப்பட்டது என்பது வாதம். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் ஃபுட் எடுத்த கல் பேசாது. பல்லாவரத்துக்குச் சில மாதம் கழித்து அவர் கொசஸ்தலையாற்றங்கரையில் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் தோண்டி, 2011இல் வெளியிட்ட முடிவு 15 லட்சம் ஆண்டுப் பழமையைச் சொன்னது. கற்கருவிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சில விலங்குப் பற்கள் கிடைத்தன. அவன் தோண்டித் தின்ற கிழங்கு, பறித்த பழம், நக்கிய தேன் ஒன்றும் கிடைக்கவில்லை. அவை மண்ணில் நிற்பவை அல்ல. கல் நின்றதால் வேட்டை நினைவில் நின்றது. அவன் என்ன தின்றான் என்பது துல்லியமாகத் தெரிந்தாலும்கூட, அவன் தின்றதால் நாமும் தின்ன வேண்டும் என்று எப்படி ஆகும்? தாத்தா செய்தார் என்பது ஒரு காரியத்துக்கு வரலாறு. அதையே நியாயமாக எடுத்துக்கொள்ள முடியாது. இதை மதங்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய பகுத்தறிவு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மட்டும் ஏனோ மௌனமாகிவிடுகிறது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் பாதி வழியில் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைமேல் தினமும் உச்சிப் பொழுதில் இரண்டு கழுகுகள் வந்து பூசகர் கையால் உணவு வாங்கித் தின்ற ஊர். பட்சி தீர்த்தம் என்றே அதற்குப் பெயர். காசியில் நீராடி, இங்கே உண்டு, ராமேஸ்வரத்தில் வழிபடும் முனிவர்கள் அவை என்று ஊர் நம்பியது. பறவை நூலார் கணக்கில் அவை மஞ்சள்முகப் பாறு, பாப்பாத்திக் கழுகு என்றும் சொல்வார்கள். செத்த விலங்கின் இறைச்சியைத் தின்னும் இனம். அந்தப் பறவைக்கு இங்கே கிடைத்தது அரிசியும் கோதுமையும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்த பொங்கல். பிணம் தின்னும் பறவை சைவமாகி, அதிலும் மாவுச்சத்துக்காரனாகி நின்ற அதிசயத்தைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது.

சில நாள் பறவைகள் வராது. அப்போது சொல்லப்பட்ட விளக்கம்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம்: இன்றைக்குக் கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் அசைக்க முடியாத விளக்கம். பறவை வந்தால் நம்பிக்கை மெய்; வராவிட்டால் பார்க்க வந்தவன் பொய். உணவு முறைக் குழுக்களில் இதே நியாயம் வேறு உடையில் உலவுகிறது. எடை குறைந்தால் முறையின் வெற்றி. குறையாவிட்டாலோ, எல்டிஎல் என்ற 'கெட்ட' கொழுப்பு எகிறினாலோ, நீங்கள் எங்கோ சீட்டிங் செய்திருக்கிறீர்கள். 1990களின் இறுதியோடு அந்தக் கழுகுகள் வருவதே நின்றுபோனது. இத்தனை பாவிகளை ஊர் எங்கே தேடும்?

எதிர்த் தரப்பும் நம்பிக்கை இல்லாத தரப்பு அல்ல. அரிசி இந்த மண்ணில் வெறும் தானியமாக இருந்ததில்லை. அன்னத்தை இகழாதிருப்பதையே ஒரு விரதமாக வைக்கிறது தைத்திரீய உபநிடதம். ஐப்பசிப் பௌர்ணமியில் சிவன் கோயில்களில் லிங்கத்தையே வெந்த சோற்றால் மூடுகிறார்கள். ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டில், மதுராந்தகம் ஏரியைக் காக்க ராமனே வில்லோடு கரையில் நின்றதாகக் கோயில் கதை சொல்கிறது. தண்ணீர் என்றால் நெல், நெல் என்றால் தெய்வம். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் கோயிலுக்குப் போய், பூசகர் நீட்டும் சர்க்கரைப் பொங்கலைப் பார்த்து, "வேண்டாங்க, நான் கார்ப் எடுக்கிறதில்லை" என்று சொன்னால் அது என்ன? மறுத்தது உணவையா, பிரசாதத்தையா? வீட்டில் பாட்டி, "சாமி குடுத்ததை வேணாம்னு சொல்லாதடா, ஒரு வாயாவது வாங்கிக்கோ" என்பாள். பேரனுக்கு அது நூறு கிராம் மாவுச்சத்து. பாட்டிக்கு அதில் கிராமே இல்லை.

இந்த வழக்கில் இதயம் என்ன சொல்கிறது?

சைவ சித்தாந்தம் அறிவதற்கு மூன்று அளவைகளை ஏற்கும்: காண்டல், கருதல், உரை. கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல். குறைந்த மாவு, நிறைந்த கொழுப்பு உணவின் சிக்கல் இந்த மூன்றும் மூன்று பக்கம் இழுப்பதில்தான் இருக்கிறது. காண்டல் முழுக்க அதன் பக்கம். மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் தணியும், உடல் தன் கொழுப்பை எரிக்கும், கல்லீரல் கீட்டோன்களைச் செய்யும். சில வாரத்தில் பெல்ட்டில் ஒரு துளை குறையும். மூன்று மாதத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கும், ட்ரைகிளிசரைடு விழும், 'நல்ல' கொழுப்பான எச்டிஎல் ஏறும். தெற்காசியர்களிடம் அதிகம் காணும் கோளாறு, ட்ரைகிளிசரைடு அதிகமும் எச்டிஎல் குறைவும்தான். ஆகவே இந்த முறைக்கு நம் உடலில் ஒரு நியாயமும் உண்டு. ஆனால் வெண்ணெய், நெய், கொழுத்த இறைச்சி வழியாக வரும் நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலில் எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் வாங்கிகளைக் குறைக்கிறது. எல்டிஎல் ரத்தத்தில் தங்குகிறது, தமனிச் சுவருக்குள் நுழைகிறது, இருபது முப்பது ஆண்டில் படிவாகிறது. வலிக்காது. கண்ணாடியில் தெரியாது. பெல்ட்டுக்கும் தெரியாது. காண்டல் எட்டாத இடம் அது. கருதல் மட்டுமே வழி.

கருதலுக்குக் கிடைத்த சான்றுகளோ ஒரே குரலில் பேசவில்லை. ரயில் ஊரான செங்கல்பட்டுக்காரர்கள் ரசிக்கத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா 1967இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில், நாடெங்கும் உள்ள ரயில்வே ஊழியர்களின் மரணக் கணக்கை வெளியிட்டார். தெற்கே மாரடைப்பு மரணம் வடக்கைவிட ஏறத்தாழ 7 மடங்கு அதிகம். வடக்கத்தியரோ தெற்கத்தியரைவிடப் பல மடங்கு கொழுப்பு உண்டவர்கள், அதிலும் பெரும்பங்கு நெய்யும் பாலும். நெய் ரசிகர்கள் இன்றும் இந்தக் கட்டுரையை ஸ்ரீசூர்ணம் போல நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அவர் ஒப்பிட்டது வட்டாரத்தை வட்டாரத்தோடு. இறந்தவர் ஒவ்வொருவரும் என்ன தின்றார் என்பதை அல்ல. புகை, உழைப்பு, மருத்துவர் எழுதிய மரணக் காரணம் எல்லாம் அந்த 7க்குள் கலந்து கிடக்கலாம்.

2017இல் லான்செட்டில் வந்த 'ப்யூர்' ஆய்வு 18 நாடுகளில் 1,35,335 பேரைத் தொடர்ந்தது. சென்னை வி. மோகனும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். மாவுச்சத்து மிக அதிகமாக உண்டவர்களிடம் மரணம் அதிகம், கொழுப்பு அதிகமாக உண்டவர்களிடம் குறைவு என்றது. மறு ஆண்டு அமெரிக்கர்கள் 15,428 பேரை வைத்து வந்த ஆய்வு, மாவுச்சத்து மிகக் குறைந்தாலும் ஆபத்து, மிக அதிகமானாலும் ஆபத்து, 50 முதல் 55 சதவீதத்தில் மரணம் மிகக் குறைவு என்றது. அதில் ஒரு கிளைச் செய்தி: மாவைக் குறைத்து அந்த இடத்தில் விலங்கு உணவை வைத்தவர்களுக்கு மரணம் கூடியது, தாவரப் புரதத்தையும் கொழுப்பையும் வைத்தவர்களுக்குக் குறைந்தது. 2023 மார்ச்சில் அமெரிக்க இதயவியல் கல்லூரி மாநாட்டில் யூலியா யாதான் வைத்த கணக்கு இன்னும் நேரடியானது. பிரிட்டனின் உயிரித் தகவல் வங்கியிலிருந்து, மாவு குறைத்துக் கொழுப்பு கூட்டி உண்ட 305 பேரையும் வழக்கமான உணவு உண்ட 1,220 பேரையும் ஏறக்குறைய 12 ஆண்டு பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கல் போன்ற பெரிய நிகழ்வுகள் முதல் கூட்டத்தில் 9.8 சதவீதம், இரண்டாவதில் 4.3 சதவீதம்.

இரட்டிப்புக்கு மேல். பயமுறுத்தும் எண்தான். ஆனால் அவர்கள் என்ன தின்றார்கள் என்று கேட்டது ஒரே ஒரு நாள் உணவைப் பற்றி. இந்த உணவைத் தேர்ந்தவர்களில் உடல் பருத்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் ஏற்கெனவே அதிகம். உணவு நோயைக் கொண்டுவந்ததா, நோய் உணவைக் கொண்டுவந்ததா? நெய்க்குத் தொன்னை ஆதாரமா, தொன்னைக்கு நெய் ஆதாரமா என்று நம்மூரில் கேட்பது வெறும் வாய்ஜாலம் அல்ல; புள்ளியியல்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி அதுவேதான்.

உறுதியாக அறிய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழைய செங்கல்பட்டு மாவட்டம் உலகுக்கே ஒரு முறை காட்டியிருக்கிறது. 1968இல் இங்கே, திருவள்ளூர்ச் சுற்றுவட்டாரத்தில், காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையை நீட்டினார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை ஆண்டுக் கணக்கை எடுத்தபோது உலகம் அதிர்ந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. கைக்குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து அது காக்கும் என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். ஆனால் பாதி உலகம் வைத்திருந்த ஒரு பெரிய நம்பிக்கை செங்கல்பட்டுக் கிராமங்களில் தோற்றது. நம்பிக்கை தோற்பதற்கு இடம் கொடுத்துச் செய்த சோதனை அது. பறவை வராவிட்டால் பாவியைத் தேடாத சோதனை.

சோற்றுக்கு அப்படியொரு சோதனை நடத்த முடியுமா? சோறு போலவே தோன்றும், சோறு அல்லாத ஒன்றை இரண்டரை லட்சம் பேருக்கு இருபது ஆண்டு பரிமாறி, தின்பவருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டும். முடியாது. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் 609 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குக் குறைந்த கொழுப்பும் மறுபாதிக்குக் குறைந்த மாவும் கொடுத்து 2018இல் முடிவு சொன்னார். ஓராண்டில் இரு தரப்பும் இளைத்தது ஏறக்குறைய ஒரே அளவு, 5.3 கிலோவும் 6 கிலோவும். ஓராண்டு எடைக்குப் போதும், தமனிக்குப் போதாது. அறிவு நிற்கும் இடத்துக்கும் தட்டில் கை வைத்தாக வேண்டிய வேளைக்கும் இடையே ஓர் இடைவெளி எப்போதும் இருக்கும். மூன்றாவது அளவையான உரை, குருவின் சொல், நுழைவது அந்த இடைவெளியில்தான். நுழைவதில் தவறில்லை. தன்னை உரை என்று ஒப்புக்கொள்ளாமல் காண்டல் என்று வேடம் போடும்போதுதான் தவறு.

வேடம் என்றதும் மாமல்லபுரத்துப் பூனை நினைவுக்கு வராமல் போகாது. அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரண்டு பெயரால் அழைக்கப்படும், ஏறக்குறைய 30 மீட்டர் நீளப் பாறைச் சிற்பத்தில், ஒற்றைக் காலில் கை உயர்த்தி நிற்கும் தவசியின் விலா எலும்புகளை எண்ணலாம். பாரதக் கதையில் அர்ச்சுனன் முதல் மாதம் மூன்று நாளைக்கு ஒரு முறை பழம், அடுத்த மாதம் ஆறு நாளைக்கு ஒரு முறை, பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு முறை, நான்காம் மாதம் காற்று. இன்றைய இடைவெளி விரதக்காரர்கள் கைபேசியில் மணி பார்த்துச் செய்வதெல்லாம் இதன் எல்கேஜி. கீழே யானைகளின் அருகே ஒரு பூனை அதே பாணியில் கை தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள் பயமின்றி நிற்கின்றன. வழிகாட்டிகள் காட்டுவார்கள், கூட்டம் சிரிக்கும். தவசியும் பூனையும் நிற்கும் கோலம் ஒன்று. யாருக்காக நிற்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

உடலுக்காக உணவைக் குறைப்பவரைப் பூனை என்று சொல்வது நியாயமாகாது. தன் இதயம் இன்னும் சில ஆண்டு ஓட வேண்டும், பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்று ஒருவர் சோற்றை விட்டால் அதில் கபடம் ஒன்றுமில்லை. ஆனால் விரதத்துக்கும் டயட்டுக்கும் இடையே ஒரு கோடு உண்டு. விரதத்துக்கு ஒரு தேதி உண்டு, முடிவு உண்டு. மாமல்லபுரம் பூதத்தாழ்வார் பிறந்த ஊர். தலசயனப் பெருமாள் சன்னதியை ஒட்டி வாழும் வைணவ வீடுகளில் மாதம் இரண்டு ஏகாதசிக்குச் சோறு கிடையாது. மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்துப் பாரணை. கொஞ்சம் வடக்கே கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தாருக்குத் தவக்காலம் நாற்பது நாள், தமீம் அன்சாரி தர்காவைச் சுற்றியிருப்பவர்களுக்கு ரமலான் முப்பது நோன்பு, அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியவர்களுக்கு ஆடிக் கூழ். நோயாளி, கர்ப்பிணி, பயணி, குழந்தை ஆகியோருக்கு விலக்கு என்பது ஏறக்குறைய எல்லா மரபிலும் எழுதாத விதியாகவோ எழுதிய விதியாகவோ இருக்கிறது. டயட்டுக்குப் பாரணை இல்லை. விலக்கும் இல்லை, இன்சுலின் போடுபவர்கூட மருத்துவரைக் கேட்காமல் பட்டினி கிடந்து மயங்கி விழுகிறார்.

மாமல்லபுரத்துக்கு நடுவே சரிவில் உருளாமல் நிற்கும் பாறைக்கு மக்கள் வைத்த பெயர் கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. ஏறக்குறைய 250 டன். 1908இல் ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானை கட்டி இழுத்தும் அசையவில்லை என்பார்கள். வெண்ணெய்ப் பிரியன் ஒருவன் உண்டென்றால் அது நம் கண்ணன்தான். பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபத்தில் அவன் மலையைத் தூக்கி நிற்க, அருகே ஒருவர் பசுவில் பால் கறக்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் நெய் எவ்வளவு கிடைத்தது, எங்கே போனது என்று கல்வெட்டுகளைக் கேட்டால் வேறு பதில் வருகிறது. ஒரு நந்தா விளக்கு எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்குச் 'சாவா மூவாப் பேராடு' 96. ஒரு விளக்குக்கே தொண்ணூற்றாறு ஆடு என்றால், ஏழை உழவன் இலையில் நெய் எத்தனை சொட்டு விழுந்திருக்கும்? முன்னோர் நெய்யில் குளித்தார்கள் என்று சொல்பவர்கள் எந்த முன்னோரைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கியாவது நெய் உண்ணச் சொன்னவர்கள் என்று எதிரிகளால் ஏளனம் செய்யப்பட்டவர்கள் உலகாயதர்கள் மட்டுமே. கடவுளை மறுத்தவர்கள்தான் இந்த நாட்டின் முதல் கொழுப்புக் கட்சிபோலும்.

இனி, எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. பரம்பரையாகச் சைவமாக இருப்பவருக்கு மாரடைப்பு வந்து, மீனும் முட்டையும் சாப்பிட்டால் நல்லது என்று யாரோ சொன்னால், அவர் என்ன செய்வார்? தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாக, சராசரியாக 53 வயதில் வருகிறது என்று 2007இல் இன்டர்ஹார்ட் ஆய்வு கணக்குச் சொன்னது. விளையாட்டான கேள்வி அல்ல. தேவனேரி, கொக்கிலமேட்டு மீனவர் வீட்டில் நெத்திலியும் மத்தியும் கொதிக்கும்போது இந்தச் சங்கடம் இல்லை. அந்தக் கொழுப்பு இதயத்துக்கு இதமானது என்பதை ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார், இல்லறவியலில் அல்ல என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கொல்லாமை அதே இயலில்தான் இருக்கிறது. அதையும் துறவிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட முடியுமா?

இங்கே மறுபடி திருக்கழுக்குன்றத்துக் கழுகையும் மாமல்லபுரத்துப் பூனையையும் பக்கத்தில் வைக்கலாம். கழுகு பொங்கல் தின்று பறந்தது. பூனையால் அது முடியாது. டாரின் என்ற சத்து பூனையின் உடலில் போதிய அளவு உருவாவதில்லை. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்கிறது என்பதை 1987இல் பால் பியான் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தார்கள். ஆக, கல்லில் நிற்கும் பூனை உண்மையாகவே சைவ விரதம் காத்திருந்தால் இதய நோயில் செத்திருக்கும். அதன் கபடத்துக்கு உடலே காரணம் சொல்கிறது. மனிதனுக்கு அந்தச் சாக்கு இல்லை. அவன் கல்லீரல் டாரினைத் தானே செய்துகொள்கிறது. பனிப்பிரதேசத்தில் சீல் கொழுப்பைத் தின்றும் வாழ்கிறான், பசிபிக் தீவில் வள்ளிக்கிழங்கைத் தின்றும் வாழ்கிறான். இதைத்தான் உண் என்று உடல் அவனுக்குக் கட்டளையிடவில்லை. இயற்கை உத்தரவிட்டது என்று இறைச்சிக்காரரும் சொல்ல முடியாது, சோற்றுக்காரரும் சொல்ல முடியாது. மாவைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் கடலையும் நல்லெண்ணெயும் வைத்தால் இதயம் கெடுவதில்லை என்றே சான்றுகள் சாய்வதால், கொல்லாமை காக்க விரும்புபவர் உயிரைப் பணயம் வைத்துக் காக்க வேண்டியதில்லை. வேறு ஏதாவது பணயம் வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் மூன்றாவது கரண்டிச் சோறு.

எவ்வளவு குறைத்தால் போதும்? 2025இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு நாடெங்கும் 1,21,077 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரின் உணவை விரிவாகப் பார்த்தது. சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனின் ஆர். எம். அஞ்சனா முன்னின்று செய்தது. இந்தியர் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அதில் வெறும் 5 சதவீதத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தாவரப் புரதமோ பால் புரதமோ வைத்தால் சர்க்கரை நோய் ஆபத்து குறையும் என்பது அவர்கள் கணக்கு. அதே இடத்தில் கொழுப்பை வைத்தால் அந்தப் பலன் தெரியவில்லை. கட்சி கட்டிச் சண்டை போடுபவர்கள் இரு தரப்பும் ஏமாறும் முடிவு. சோற்றை நாடு கடத்தவும் வேண்டாம், வெண்ணெயை அரியணை ஏற்றவும் வேண்டாம். இலையில் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பாட்டி சொன்ன அந்த ஒரு வாய்க்கும் இதில் இடம் இருக்கிறது. பிரசாதத்துக்கு அளவு விதித்த கோயில் எதுவுமில்லை. உள்ளங்கையில் ஒரு விரல் அளவு வாங்கி, கண்ணில் ஒற்றி, வாயில் போட்டுக்கொள்பவரும் முழுப் பிரசாதம் பெற்றவரே. தொன்னை நிறைய வேண்டும் என்றது நாக்கு. நவராத்திரி ஒன்பது நாளும் கொலு வைத்த வீடுகளில் இன்று கடலை, நாளை பயறு, மறுநாள் மொச்சை என்று முறை மாற்றிச் சுண்டல் கொடுக்கிறார்கள். அஞ்சனாவின் 5 சதவீதம் அங்கே தொன்னையில் ஆவி பறக்க வருகிறது. மாமல்லபுரம் கடற்கரையில் அலுமினியத் தூக்குச் சட்டியோடு நடக்கும் பையன் விற்பதும் அதுதான். அவனுக்குப் பண்டிகை தேவையில்லை. மேலே அவன் தூவும் தேங்காய்த் துருவலைப் பற்றி மட்டும் இதய மருத்துவர்களுக்குள் இன்னும் பேச்சு ஓயவில்லை.